வீடு யாருக்குச் சொந்தம்?

சபுர் வந்த நம் முன்னோர் பலர் கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, கணக்குப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு காலம் கழித்தவர்கள். கோல சிலாங்கூர், ஜெராம், தஞ்சோங் காராங், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை என்று கடைத்தெரு இருந்த இடங்களில் அவர்களுடைய மளிகைக் கடையும் துணிக் கடையும் சாப்பாட்டுக் கடையும் இருந்தன. சுற்றியிருந்த கித்தாத் தோட்டங்களில் சம்பளம் போடும் நாள்தான் அவர்களுக்கும் வரவு நாள். வீடு என்றால் அது ஊரில் இருப்பது. இங்கே இருப்பது வெறும் தங்கல். அதுவே அவர்கள் எண்ணம்.

இன்று நிலைமை வேறு. பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். பேரப்பிள்ளைகளும் இங்கேயே வளர்கிறார்கள். தங்கலாக இருந்தது ஊராகிவிட்டது. ஆகவே, வீடு வாங்குவதைப் பற்றியும் வாங்கிய வீட்டைப் பற்றியும் நம்மவரிடையே சட்டக் கேள்விகள் பெருகி வருகின்றன. அவற்றில் பலவற்றுக்கு வழக்கறிஞர் விடை சொல்லிவிடுவார். ஆனால், பெரியவர் ஒருவர் நம்மிடம் கொண்டுவந்த கேள்வி, வழக்கறிஞர் விடை சொன்ன பிறகும் தீரவில்லை.

அவரும் இன்னொருவரும் தோட்டப்புறத்துக் கடையொன்றில் கூட்டாளிகள். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் கடையைப் பார்ப்பார். இருவரும் பாதிக்குப் பாதி பணம் போட்டுப் பக்கத்துப் பட்டணத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். பெரியவருக்குக் குடியுரிமை இருந்தது, கூட்டாளிக்கு இல்லை. “உன் பெயரிலேயே இருக்கட்டும் தம்பி, நமக்குள் என்ன?” என்று கூட்டாளி சொன்னார். ஒரு துண்டுச் சீட்டுக்கூட எழுதவில்லை. ஊருக்குப் போன கூட்டாளி அங்கேயே மவுத்தாகிவிட்டார். ஆண்டுகள் பல ஓடின. விஷயம் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகக் கண்மூடினார்கள். கூட்டாளியின் மனைவி மக்கள் ஊரில் இருக்கிறார்கள். அப்படி ஒரு வீடு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

“கிராண்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. சாட்சி இல்லை, சீட்டு இல்லை. ஆகவே யாரும் வந்து கேட்க முடியாது என்கிறார்கள் என் பிள்ளைகள். வழக்கறிஞரும் அப்படித்தான் சொன்னாராம். அப்படியானால் வீடு முழுதும் என்னுடையதுதானா?” என்று பெரியவர் கேட்டார்.

இது ஒருவருடைய கேள்வி மட்டுமன்று. பெயர் கொடுத்தவரும் பெயர் வாங்கியவரும் நம் குடும்பங்களில் நிறையவே இருக்கிறார்கள். எனவே சட்டம் என்ன சொல்கிறது, மார்க்கம் என்ன சொல்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் நிலம் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஊர்ச் சட்டம் வேறு, இந்நாட்டுச் சட்டம் வேறு. ஊரில் பட்டா என்பது வருவாய்த்துறை ஆவணம். கிரயப் பத்திரம் என்பது விற்பனைக்குச் சான்று. உரிமையை நிரூபிக்க மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போகவேண்டும். உரிமையாளர் கேளாமலே விட்டு, மற்றொருவர் 12 ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்துவந்தால், அனுபவ பாத்தியதை பேசவும் இடமுண்டு. இங்கே அப்படியில்லை. ராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த பதிவு முறையையே இந்நாடு பின்பற்றுகிறது. சிலாங்கூரில் 1891இலேயே அதற்குச் சட்டம் பிறந்தது. 1966ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டமும் அதே முறையில் அமைந்தது. பதிவேட்டில் எவர் பெயர் உண்டோ அவரே உரிமையாளர். இன்னொருவர் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அந்தக் குடியிருப்பு மட்டும் பாத்தியதையாக மாறுவதில்லை.

இதன் கடுமையைத் தோட்ட மக்கள் நன்கு அறிவார்கள். லயத்து வீட்டில் தாத்தா வாழ்ந்தார், தகப்பன் வாழ்ந்தார், மகனும் பிறந்தான். வாசலில் முருங்கை வைத்தார்கள். பின்னால் மாட்டுக் கொட்டகை போட்டார்கள். ஆயினும் வீடு தோட்டத்தினுடையது. வேலை போனால் வீடும் போயிற்று. 1950களில் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இதனால் விளைந்த துன்பம் கொஞ்சமன்று. அந்நிலையில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் தம் சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். பதிவேட்டில் பெயர் இல்லாதவன் கையில் ஒன்றுமில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவார்கள்.

பதிவேடு இவ்வளவு கடுமையாக இருக்கவேண்டுமா என்று கேட்கலாம். அதில் நன்மையும் உண்டு. பதிவேட்டை நம்பி இன்று பணம் கொடுத்து வாங்குகிற ஒருவரை, நாளை யாரோ ஒருவர் வந்து பழைய கதை பேசி வெளியேற்ற முடியாது. வியாபாரிகளான நமக்கு இதன் அருமை தெரியும். நிறுத்த தராசை ஒவ்வொருவரும் வந்து ஆட்டிக்கொண்டிருந்தால் கடை நடத்த முடியுமா?

ஆனால், காகிதமும் உண்மையும் பிரிந்து நிற்கும்போது எதன் பக்கம் நிற்பது என்று சட்டமே தடுமாறியதுண்டு. பினாங்கில் ஒரு பெண்மணிக்குச் சொந்தமான நிலத்தை, ஆள்மாறாட்டம் செய்த இன்னொருத்தி போலி ஆவணத்தால் விற்றுவிட்டாள். நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கே நிலம் என்று 2000ஆம் ஆண்டு டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடே அதிர்ந்தது. 2010 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் முந்தைய தீர்ப்பு தவறு என்று சொல்லிவிட்டது. போலி ஆவணத்தின் மூலம் நேரே பெற்றவரின் உரிமை நிலைக்காது. அவருக்குப் பின் நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கியவருக்கே பாதுகாப்பு உண்டு என்பது இப்போதைய நிலை. பத்து ஆண்டுகள் செல்லுபடியாகி நின்றது ஒரு நாளில் தவறாயிற்று. நீதிமன்றத்தில் வென்றது எல்லாம் நியாயம்தான் என்று நினைப்போர் இதைச் சிந்திக்கவேண்டும்.

நம் பெரியவரின் வீட்டில் போலி ஏதுமில்லை, ஆள்மாறாட்டம் இல்லை. இருந்தது நம்பிக்கை ஒன்றே. இத்தகைய நம்பிக்கைச் சொத்தைச் சட்டம் அறியாது என்று எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சிக்கல் எழுந்தது. ஒருவர் பெயரில் நிலம், பலன் இன்னொருவருக்கு. சாதாரண நீதிமன்றங்கள் பெயரை மட்டுமே பார்த்தன. வஞ்சிக்கப்பட்டவர்கள் அரசரின் சான்சலரிடம் முறையிட்டார்கள். அவர் பெயரைப் பார்க்காமல், பெயருக்குரியவரின் மனச்சாட்சியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். ‘டிரஸ்ட்’ என்னும் சட்டமுறை வளர்ந்தது அவ்வாறே. இங்கிலாந்தில் வீடு வாங்குவோர் பெயர் யாருக்கு, பங்கு யாருக்கு என்று தனித்தனியே எழுதிவைப்பதும் அதன் வழி வந்ததே. இந்நாட்டு நீதிமன்றங்களும் அந்த முறையை ஏற்கின்றன. பணம் கொடுத்தவர் இன்னொருவர் என்று நிரூபித்தால் பங்கு கிடைக்கக்கூடும். நிரூபிக்கவேண்டும், அங்கேதான் சிக்கல். சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை என்றால் நீதிபதி என்ன செய்வார்?

இனி மார்க்கத்தைப் பார்ப்போம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளச் சொல்கிறது. சாட்சி வைக்கச் சொல்கிறது. அதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. எழுதுபவருக்கு வாசகம் சொல்லிக் கொடுக்கவேண்டியவர் யார்? கொடுத்தவர் அல்லர்; கொடுக்கவேண்டியவரே. ஆகவே, “கூட்டாளி அன்றே எழுதி வாங்கியிருக்கவேண்டும், அது அவர் குற்றம்” என்று பெரியவரின் பிள்ளைகள் சொல்வது நிற்காது. எழுதிக் கொடுக்கும் கடமை பெயர் வைத்திருந்தவர் தலையில்தான் முதலில் விழுகிறது. எழுதாமல் விட்ட கவனக்குறைவு ஒருவர் பொருளை இன்னொருவருக்குச் சொந்தமாக்கிவிடாது.

அதற்கு அடுத்த வசனம் சபுராளிகளுக்கென்றே அருளப்பட்டது போல் இருக்கிறது. பயணத்தில் எழுதுவோர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அது சொல்கிறது. ஒருவரை ஒருவர் நம்பி ஒப்படைத்திருந்தால், நம்பப்பட்டவர் இறைவனை அஞ்சி அந்த அமானிதத்தை நிறைவேற்றவேண்டும் என்கிறது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவம் புரிந்தது என்றும் எச்சரிக்கிறது. காகிதம் இருக்கும் இடத்தில் காகிதம். காகிதம் இல்லாத இடத்தில் அமானிதம். இரண்டும் அடுத்தடுத்த வசனங்களில் வந்திருப்பது தற்செயலன்று. காகிதம் இல்லை என்பது அமானிதம் இல்லை என்பதாகாது. காகிதம் இல்லாதபோதுதான் அமானிதத்தின் பாரம் முழுவதும் ஒருவர் தலையில் ஏறுகிறது.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீது ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது. நாயகம் (ஸல்) அவர்கள் தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்குடன் வருவோரில் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதிடக்கூடும் என்றும், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாகவும் கூறினார்கள். அவ்வாறு ஒரு சகோதரரின் உரிமை மற்றவருக்குத் தீர்ப்பாகிவிட்டால், அவர் பெற்றது நெருப்புத் துண்டு என்றும் எச்சரித்தார்கள். நபியின் திருக்கரத்தால் கிடைத்த தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காதென்றால், நில அலுவலகத்துப் பதிவேடு ஆக்குமா? அபூதாவூதில் வரும் அறிவிப்பில் மேலும் ஒரு செய்தி உண்டு. பழைய வாரிசுச் சொத்து ஒன்றைப் பற்றி, ஆதாரம் ஏதும் இல்லாமல் வழக்காட வந்த இருவரிடமே நாயகம் (ஸல்) அவர்கள் இதைச் சொன்னார்கள். கேட்ட இருவரும் அழுதார்கள். “என் உரிமை உனக்கே” என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். அதன் பிறகு, நியாயத்தை நாடிப் பங்கிட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இருவரும் அழுவதற்கு முன் பங்கீடு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பெரியவரின் பிள்ளைகள் சொன்ன வேறு காரணங்களையும் நாம் தள்ளிவிடவில்லை. “இத்தனை ஆண்டுகள் சுக்காய் தானா கட்டியது நாங்கள், கூரை மாற்றியதும் நாங்கள்” என்றார்கள். உண்மை. அந்தச் செலவைக் கணக்கெழுதிக் கழித்துக்கொள்ளட்டும். அதே கணக்கில், இத்தனை ஆண்டுகள் மற்றவரின் பாதி வீட்டில் வாடகையில்லாமல் குடியிருந்ததையும் வரவு வைக்கட்டும். வியாபாரிக்கு ஒரு பக்கக் கணக்கு அழகன்று. “அன்று கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதாதா?” என்றும் கேட்டார்கள். கூட்டாளி கடன் கொடுக்கவில்லை. வீட்டில் பாதியை வாங்கினார். விலை உயர்ந்தால் அந்தப் பாதியும் உயரும். விழுந்திருந்தால் அதுவும் விழுந்திருக்கும். “அவர்கள் கேட்கவேயில்லையே” என்றது கடைசிக் காரணம். கேட்கத் தெரியாதவரின் உரிமை கேட்பவரின் உரிமையைவிடக் கனமானது. கேட்பவருக்கு நீதிமன்றம் உண்டு. கேட்கத் தெரியாதவருக்கு நம் மனச்சாட்சியைத் தவிர வேறு மன்றம் இல்லை.

இன்னொன்றையும் பெரியவரிடம் சொன்னோம். “நீங்கள் மவுத்தான பிறகு இந்த வீடு உங்கள் பிள்ளைகளுக்குப் பராயிலுப்படி பங்கு போடப்படும். அமானிதமும் கடனும் தீர்ந்த பிறகே வாரிசுப் பங்கு. மற்றவர் பாதி உங்கள் சொத்தே அல்ல. உங்களுக்குத் தெரியும் உண்மை உங்களுடன் கபுறுக்குப் போய்விட்டால், பிள்ளைகள் அறியாமல் ஹராமை உண்பார்கள். அவர்களுக்கு நீங்கள் விட்டுச்செல்வது வீடா, வினையா?”

புகாரியில் ஒரு சம்பவம் உண்டு. முற்காலத்தில் நிலம் வாங்கிய ஒருவர் அதில் ஒரு குடம் பொன் கண்டெடுத்தார். நான் நிலத்தைத்தான் வாங்கினேன், பொன்னை வாங்கவில்லை என்று விற்றவரிடம் கொண்டுபோனார். நிலத்தையும் அதில் உள்ளதையும் சேர்த்தே விற்றேன் என்று அவர் வாங்க மறுத்தார். தீர்ப்புச் சொன்னவர் ஒருவர் மகனுக்கு மற்றவர் மகளை மணமுடித்து, அந்தப் பொன்னை அவர்களுக்குச் செலவிடச் சொன்னார். சட்டத்தில் இருவருக்கும் வாதம் இருந்தது. ஆனால், தனக்குச் சேராதது தன் வீட்டில் இருக்கக்கூடாது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. நம் கையில் இருப்பது அன்று அவர்கள் அஞ்சிய அந்தக் குடம்தான்.

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். மறுவாரம் ஜும்ஆவுக்குப் பின் மூத்த மகனுடன் வந்தார். கூட்டாளியின் மனைவி மக்கள் அயல்நாட்டுக் குடிகள். அவர்கள் பெயரைக் கிராண்டில் ஏற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஆகவே, வீட்டை மதிப்பிட்டு, செலவைக் கழித்து, பாதியைப் பணமாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கொடுத்து முடிக்கும் வரை அது தம் பொறுப்பில் உள்ள அமானிதம் என்று எழுதிப் பெரியவர் கையொப்பமிட்டார். மகனும் சாட்சிக் கையொப்பமிட்டார். போட்டுவிட்டு, “வாப்பா, இதை முன்னமே சொல்லியிருக்கலாமே” என்றார். அந்தச் சொல்லில் கோபமும் இருந்தது, நியாயமும் இருந்தது.

ஆகவே வீடு வாங்கப் போகும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். முன்பணம் கொடுக்கும் முன் நில அலுவலகத்தில் தேடுதல் நடத்துங்கள். கோல சிலாங்கூர் நிலமாயிருந்தாலும் சில கிராண்டுகள் ஷா ஆலத்திலுள்ள மாநிலப் பதிவகத்தைச் சேர்ந்தவை. ‘கிரான்’ என்றிருந்தால் நிரந்தர உரிமை. ‘பஜாக்கான்’ என்றிருந்தால் குத்தகை, எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். அடமானம், கேவியட், மாநில ஒப்புதல் இல்லாமல் விற்கக்கூடாது என்ற நிபந்தனை ஆகியவை இருந்தால் தேடுதலில் தெரிந்துவிடும். பணம் போட்டவர் எத்தனை பேரோ அத்தனை பேரையும் முடிந்தால் பங்குடன் கிராண்டிலேயே பதியுங்கள். முடியாவிட்டால் வழக்கறிஞர் மூலம் டிரஸ்ட் பத்திரம் எழுதி, கேவியட்டும் போடுங்கள். தனியார் கேவியட்டின் ஆயுள் ஆறு ஆண்டுகளே என்பதை மறக்கவேண்டாம்.

மலாய் ஒதுக்கீட்டு நிலத்தில் எச்சரிக்கை தேவை. சிலாங்கூரில் 1913 முதலே இதற்குச் சட்டம் உண்டு. இப்போதுள்ளது 1933ஆம் ஆண்டுச் சட்டம். நாமும் முஸ்லிம்தானே என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்தச் சட்டம் மார்க்கத்தோடு மலாய் இனத்தையும் மொழியையும் கேட்கிறது. அந்நிலத்தை மலாய் நண்பர் பெயரில் வாங்கி, உள்ளுக்குள் நம்முடையது என்று வைத்துக்கொண்டால் அந்த ஏற்பாடு செல்லாது, நீதிமன்றமும் கைகொடுக்காது. சட்டத்தை ஏமாற்ற ஒருவரைப் பெயர் கொடுக்கச் சொல்வது நண்பரையும் பாவத்தில் இழுப்பதாகும். அப்படி வாங்கியது தவறு. அந்தப் பணத்தைப் பெயர் கொடுத்தவர் விழுங்கிவிடுவதும் தவறு. ஒரு தவறு மற்றொன்றை ஹலாலாக்காது.

ஏற்கெனவே பிறர் வீட்டைத் தம் பெயரில் வைத்திருப்போரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. இன்றிரவு மனைவி மக்களைக் கூட்டி உண்மையைச் சொல்லுங்கள். நாளை எழுதுங்கள். சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். கிராண்டில் உள்ள பெயர் இவ்வுலகில் நம்மைக் காக்கும். மறுமையில் அதே பெயரைச் சொல்லித்தான் நாம் அழைக்கப்படுவோம்.

பிறர் அமானிதத்தை உரியவரிடம் சேர்த்துவிட்டு, பாரமில்லாத நெஞ்சுடன் சொந்த வீட்டில் கண்ணுறங்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.